மேற்படி

தளவாய்க்கு நாற்பத்தாறு வயது. அவனுக்குக் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்த ஆபிதாவுக்கு முப்பத்திரண்டு. அவன் அவளை டீச்சர் என்று கூப்பிட்டான். வேண்டாம் என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். அவள் அவனை அண்ணாச்சி என்றாள்.

பதினெட்டு வருடம் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவன். முதுகு போனபிறகு இந்த வேலைக்கு வந்தான். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கூட்டர் உதிரிபாகக் கடையின் மாடி. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு மாடிப்படியில் இரண்டிரண்டு படிகளாக ஏறி வந்தான். கையில் அட்டைப்பெட்டி. அதை மேசைமேல் வைத்தான். பிறகு நகர்த்தி வைத்தான். பிறகு பழைய இடத்திலேயே வைத்தான்.

"டீச்சர், ஏழு ஆறிக் கெடக்கு. இது மூணுங்குது."

"உக்காந்து சொல்லுங்க."

"மூணுல ஒண்ணுமே இல்ல டீச்சர். மூணு நல்லாத்தான் இருக்கு."

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்காரவில்லை.

பெட்டிக்குள் இருந்தது அவன் மூன்று மாதமாக எழுதிய நிரல் ஓடும் கருவி. வார்டில் எட்டு வார்மர்கள், குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் தொட்டில்கள். ஒவ்வொன்றிலும் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தை. குழந்தையின் வயிற்றில் ஒட்டிய சென்சார் அதன் சூட்டைச் சொல்லும். எட்டுச் சூட்டையும் கருவி ஒரு வரிசையில் குறித்துக்கொள்ளும். ஒரு குழந்தை குளிர்ந்தால் உடனே கத்தாது. எதற்கெடுத்தாலும் கத்துகிற கருவியை நர்ஸுகள் டிராயருக்குள் போட்டு மூடிவிடுவார்கள். தளவாயே போட்டிருக்கிறான். அதனால் ஐந்து நிமிடம் பொறுத்து, நர்ஸின் கையில் இருக்கும் போனுக்கு எந்த வார்மர், எவ்வளவு சூடு என்று ஒரே ஒருமுறை சொல்லும்.

காலையில் வார்டுக்குப் பக்கத்து அறையில் தளவாய் ஒத்திகை பார்த்தான். எட்டு ரப்பர் கையுறைகளில் வெந்நீர் நிரப்பி, முடிச்சுப் போட்டு, துணியில் சுற்றி, ஒவ்வொன்றிலும் சென்சார் ஒட்டி வைத்தான். ஏழாவதில் மட்டும் பச்சைத் தண்ணீர். ஐந்து நிமிடம் கழித்துக் கருவி பேசியது. மூன்றாவது வார்மர், முப்பத்திரண்டு என்றது.

"இன்னொரு தடவை பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்ப அஞ்சுன்னுச்சு."

"சிஸ்டர் பாத்தாங்களா?"

"இல்ல. ஜெசிந்தா சிஸ்டர் வார்டுக்குள்ள இருந்தாங்க. மூணு மணிக்கு மாட்டிருவோம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன்."

மாட்டுவதோடு முடிகிற காரியம் இல்லை. அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. கால்மணிக்கு ஒருதரம் ஒரு நர்ஸ் எட்டுக் குழந்தைகளின் உள்ளங்காலையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவாள். இரண்டு நர்ஸுகள் மாற்றலாகிப் போனார்கள். பதிலுக்கு யாரும் வரவில்லை. கருவி வந்ததும் கால் தொடுவதை நிறுத்திவிடலாம் என்று வார்டுக்குப் பொறுப்பான ஜெசிந்தா சிஸ்டரிடம் பேசியவன் தளவாய்தான். அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. நீ சொல்றதுனால சரி என்று பிறகு சொன்னார்.

அவன் பேனா மூடியைத் திறந்தான். மூடினான்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல டீச்சர். ஒத்த எண்ணுன்னா எடுத்துட்டுப் போகுது. எட்டு எண்ண வரிசையாக் குடுத்தா மாட்டேங்குது. ஏன்?"

"எது எடுத்துட்டுப் போகுது?"

"பிளாக்கு."

பிளாக் என்பது, பிறகு செய் என்று கட்டிவைக்கிற ஒரு சிறிய கட்டளைப் பொட்டலம். எழுதிய இடத்தில் இருப்பவற்றில் தனக்கு வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டு போகும். நேரம் வந்ததும் வேறு எங்கோ நின்று தன் வேலையைச் செய்யும். அதற்குள் அது பிறந்த இடம் கலைந்து போயிருக்கும்.

"மாட்டேன்னு யாரு சொன்னது?"

"கம்பைலர். வரிசைய பிளாக்குக்குள்ள கொண்டுபோக முடியாதுன்னு செவப்புல ஒரு வரி போட்டுச்சு."

எழுதிய நிரலைக் கருவிக்குப் புரியும்படி மாற்றுவதும், தப்பிருந்தால் சொல்வதும் கம்பைலர்.

"இன்னைக்கா?"

"மூணு வாரம் முந்தி."

"எங்கிட்ட கேக்கலையே."

"நீங்க பெருநாளைக்கு ஊருக்குப் போயிருந்தீங்க."

"போன் இருந்துச்சு."

"பிரியாணி நேரத்துல எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஆபிதா சிரித்தாள். "சரி. அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"வரிசையக் குடுத்தாத்தானே மாட்டேங்குது. வரிசை இருக்குற இடத்தச் சுட்டிக் காட்டுனேன். சுட்டியக் குடுத்ததும் எடுத்துக்கிட்டுச்சு. மறுபேச்சு இல்ல."

"கம்பைலர் வாய மூடிருச்சு."

"ஆமா."

"உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

தளவாய் சன்னல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"மேசையில நல்லா ஓடுச்சு டீச்சர். நூறு தடவை பாத்தேன். நூறும் சரி."

"அஞ்சு நிமிஷம் வச்சா?"

"ரெண்டு செகண்டு."

"ஏன் அண்ணாச்சி?"

"நூறு தடவைக்கும் அஞ்சஞ்சு நிமிஷம்னா எட்டு மணி நேரம் ஆகும்லா."

ஆபிதா அச்சு இயந்திரத்திலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி அவன் முன்னால் வைத்தாள்.

"டூட்டி மாறும்போது அடுத்தவங்களுக்கு ஒரு தாள் எழுதிக் குடுப்பீங்கல்ல. அத எழுதுங்க. எட்டுக் குழந்தைக்கும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"டீச்சர், மணி ஒண்ணே முக்கால் ஆகப்போகுது."

"ஒன்றரைக்கே வந்துட்டீங்க. எழுதுங்க."

நின்றபடியே எழுதினான். எட்டுக் குழந்தைகளையும் காலையில் வார்டில் பார்த்திருந்தான். வார்டு வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கை மறக்கவில்லை.

1. சுகந்தி குழந்தை. 1.9 கிலோ. முப்பது மில்லி.
2. பேச்சியம்மாள் குழந்தை. மேற்படி.
3. ரெஜினா குழந்தை. மேற்படி.
4. மாரிச்செல்வி குழந்தை. 1.1 கிலோ. குழாய் வழி, எட்டு மில்லி.
5. நூர்ஜகான் குழந்தை. மேற்படி.
6. இசக்கியம்மாள் குழந்தை. மேற்படி.
7. எஸ்தர் குழந்தை. மேற்படி.
8. பொன்மலர் குழந்தை. மேற்படி.

ஆபிதா வாங்கிப் படித்தாள்.

"இது என்ன, மேற்படி?"

"மேல உள்ளபடி. மேல எழுதுன அதே எடை, அதே பால். எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்."

"ஏன் முழுசா எழுதல?"

"அதான் மேல இருக்கே."

ஆபிதா கத்தரிக்கோலை எடுத்தாள். நாலாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவே நேராக வெட்டினாள். மேல் துண்டைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"எதுக்கு வெட்டுதீங்க?"

"அந்த டூட்டி முடிஞ்சு போச்சு. அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"டீயா?"

"அஞ்சு நிமிஷம்."

மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தான். டீயைக் குடித்தானா என்று ஆபிதா கேட்கவில்லை. மேசையில் ஒரு அட்டை. அதில் இரண்டு தாள்களை மேலும் கீழுமாக ஒட்டவைத்துக் கிளிப் போட்டிருந்தாள். கீழே அவன் எழுதிய பாதி.

"நீங்க அடுத்த டூட்டி. இப்பத்தான் உள்ள வர்றீங்க. அஞ்சாவது குழந்தைக்கு என்ன குடுக்கணும்?"

தளவாய் அட்டையை வாங்கினான்.

"நூர்ஜகான் குழந்தை. மேற்படி." கண் மேலே போனது. அது ஆபிதாவின் கையெழுத்து. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைக்குக் கொடுத்தனுப்பிய சீட்டு. "புரோட்டா ரெண்டு. சால்னா தனியா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு.

"பச்சப்புள்ளைக்கு சால்னாவா டீச்சர். ஜெசிந்தா சிஸ்டர் என்னத் தொலைச்சுருவாங்க."

"குடுப்பீங்களா?"

"எவன் குடுப்பான். பாத்ததுமே தெரியுதுல்ல, எடம் மாறி வந்ததுன்னு."

"நல்லவேளை."

"ஆமா, நல்லவேளை."

ஆபிதா குனிந்து குப்பைக்கூடையிலிருந்து மேல் துண்டை எடுத்தாள். அதிலிருந்து முதல் வரியை மட்டும் வெட்டினாள். சாப்பாட்டுச் சீட்டை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியை அங்கே செருகினாள். அட்டையைத் திரும்பவும் அவனிடம் கொடுத்தாள்.

"இப்ப படிங்க."

சுகந்தி குழந்தை. 1.9 கிலோ. முப்பது மில்லி. அவன் கையெழுத்து. அதே பேனா. கீழே நூர்ஜகான் குழந்தை, மேற்படி.

தளவாய் வாய்விட்டுப் படிக்கவில்லை. எட்டு மில்லி குடிக்கவேண்டிய குழந்தைக்குக் குழாய் வழியாக முப்பது மில்லி போனால் என்ன ஆகும் என்று அந்த அறையில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் உட்கார்ந்தான்.

மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"மூணாவது வார்மருன்னு சொல்லும்போது அது இப்படித்தான் இருந்துச்சு டீச்சர். சரியான கையெழுத்து மாதிரி."

ஆபிதா தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு செகண்டுல பாத்தப்ப அந்தத் தாள் இன்னும் கூடைக்குப் போகல. அதான் நூறும் சரியா வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல சுட்டி காட்டுற எடத்துல வேற எண்ணு வந்து உக்காந்துருது."

அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். சுட்டியை அழித்தான். பழையபடி வரிசையை வைத்துப் பார்த்தான். சிவப்பில் அதே வரி வந்தது. இந்த முறை அதைக் கடைசிவரை படித்தான். பிறகு கொஞ்ச நேரம் அட்டையிலிருந்த மேற்படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு எண்களையும் ஒரு பெட்டிக்குள் அடைத்தான். அவர்கள் மொழியில் அதற்கு ஸ்ட்ரக்ட் என்று பெயர். பெட்டியை பிளாக்கிடம் கொடுத்தான். சிவப்பு வரவில்லை.

"பெட்டியில போட்டாத் தூக்கிக்கிடுதே டீச்சர். உள்ள இருக்கது அதே எட்டு எண்ணுதான்."

"வரிசையப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, இந்த மொழி அது எங்க இருக்குன்னுதான் கைகாட்டும். பெட்டின்னா முழுசாப் பிரதி எடுத்துக்கிடும். இத உண்டாக்குனவங்க அப்படி வச்சுட்டாங்க."

"இப்பவும் கம்பைலர் வாய மூடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப?"

"அது பேசலைங்கறத வச்சு ஒண்ணும் சொல்லமுடியாது."

ஆபிதா எழுந்து வந்தாள். "கையுறைய எடுங்க."

எட்டையும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்கள். தளவாய் டீக்கடையிலிருந்து ஒரு தூக்குவாளி வெந்நீர் வாங்கி வந்தான். விளாவி, ஏழு கையுறைகளில் நிரப்பினான். ஏழாவது இடத்தில் வைக்கவேண்டியதில் மட்டும் பானைத் தண்ணீர். முடிச்சுப் போட்டான். சென்சார்களை ஒட்டினான். போனை மேசையின் நடுவில் வைத்தான். மணி இரண்டு இருபத்தைந்து.

"எவ்வளவு நேரம் வைக்கட்டும்?"

"எவ்வளவுன்னு எழுதியிருக்கு?"

"அஞ்சு நிமிஷம். ரெண்டு செகண்டு வச்சு ஒரே ஒரு தடவை மட்டும்..."

ஆபிதா பார்த்தாள்.

"சரி. அஞ்சு."

கருவியை ஓடவிட்டான். ஏழாவது குளிர்ந்திருப்பதை அது குறித்துக்கொண்டதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு ஒருமுறை மின்னியது. இனி ஐந்து நிமிடம் அது பேசாது.

தளவாய் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான். எழுந்தான். நாட்காட்டியில் கிழிக்காமல் விட்ட திங்கட்கிழமையைக் கிழித்தான். சன்னலுக்குப் போனான்.

"வார்டுல ஒரு கெழவி உண்டு டீச்சர். கூட்டிப் பெருக்குறவ. அவ சொல்லுவா, தளவாயி, நீ நின்னா புள்ளைங்க முழிச்சிக்கிடும், நடந்துக்கிட்டே இருன்னு."

"இங்க யாரும் தூங்கல அண்ணாச்சி."

"ஆமா."

நடந்தான். மேசையைச் சுற்றி வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கையுறைகளைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனான். ஏழாவதில் நின்றான்.

"இது ஜில்லுனு கெடக்கு."

"கையுறைதான் அது."

"தெரியும்."

ஆபிதா ஏதோ மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் வெந்நீர் இன்னும் இருக்கிறதா என்று தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தான். ஏழாவது கையுறையின் முடிச்சை அவிழ்த்தான். பச்சைத் தண்ணீரைச் சன்னல் வழியாகக் கொட்டினான். கீழே யாரோ ஏய் என்றார்கள். மன்னிச்சுக்கிடுங்க என்றான். வெந்நீரை ஊற்றி, சூடு பார்த்து, முடிச்சுப் போட்டு, தன் கைக்குட்டையால் சுற்றி, ஏழாவது இடத்திலேயே வைத்தான். மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டான். அப்படியே கடிகாரத்தைப் பார்த்தான்.

இரண்டு முப்பதுக்குப் போன் பேசியது.

ஏழாவது வார்மர். முப்பத்தொன்று புள்ளி நான்கு.

"ஏழு," என்றான் தளவாய். "ஏழு டீச்சர். ஏழுன்னு சொல்லிருச்சு."

"சொல்லிருச்சு."

"முப்பத்தொண்ணு நாலு. சரியான எண்ணு."

மூச்சை இழுத்து விட்டான். அவன் தோள்கள் இறங்கின. பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தான்.

"டீச்சர்."

"ம்."

"இது சூடா இருக்கு."

ஆபிதா தட்டச்சை நிறுத்தினாள்.

"நான்தான் மாத்தியிருக்கேன். எப்ப மாத்துனேன்?"

"நீங்க கொட்டுன தண்ணி கீழ ஒருத்தர் தலையில விழுந்துச்சு. அப்ப."

"அப்ப இது சொல்லுறது அஞ்சு நிமிஷத்துக்கு முந்துன சூடு."

"அதத்தான் கட்டிக் குடுத்தீங்க."

"சுட்டியக் குடுத்தா வேற யாரோட எண்ணையோ சொல்லுது. பெட்டியக் குடுத்தா பழைய எண்ணச் சொல்லுது."

"ஆமா."

"பேசுறதுக்கு முந்தி இன்னொரு தடவை சென்சாரக் கேக்கச் சொல்லி எழுதிருதேன்."

"எழுதுங்க."

"எழுதுனாலும் அது அந்த நேரத்துக் கணக்குத்தான். அதுக்கப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கு."

"இருக்கு."

அவனுடைய சொந்தப் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தான். மற்றக் கை கையுறைமேல் இருந்தது. ஜெசிந்தா சிஸ்டரின் குரல் அறைக்கே கேட்டது.

"தளவாய், கெளம்பிட்டியா? டூட்டி மாறுற நேரம். மூணு மணியோட கால் தொடுறத நிப்பாட்டிரலாம்னு புது டூட்டிக்காரங்ககிட்ட சொல்லிரவா?"

"ஒரு நிமிஷம் சிஸ்டர்."

போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.

"டீச்சர், ஏழ ஏழுன்னு சொல்லிருச்சு. அதுல கொற இல்ல. மூணு மணிக்கு மாட்டிரலாம். ஆனா சிஸ்டர்கிட்ட என்ன சொல்ல? நிப்பாட்டச் சொல்லவா, வேண்டாமா?"

ஆபிதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டை சுற்றிய கையுறையையும் அதன்மேல் விரிந்திருந்த உள்ளங்கையையும் பார்த்தாள்.

"கருவி ரெண்டு முப்பதுக்குப் பேசுச்சு. ஏழு ஜில்லுனு கெடக்குன்னு உங்க கை எத்தன மணிக்குச் சொல்லுச்சு அண்ணாச்சி?"

நெஞ்சோடு அழுத்திய போனுக்குள்ளிருந்து சிஸ்டர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தளவாய் கையை எடுக்கவில்லை.